சிரிப்புப் பயிற்சிக்கு வந்தவர்கள்

ஒரு சமுதாயக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் குண்டூசி ஒன்று இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதனிடம் ஒரு தாள் வந்தது. தையல் டீச்சர் எஸ்தர் பாக்கியம் காலமாகிவிட்டார், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரங்கல் கூட்டம். ஒருத்தராவது படித்துவிட்டு ஒரு நிமிஷம் ஜெபிக்கட்டும் என்று குண்டூசி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மத்தியானமே வேறொரு தாள் வந்தது. ஊசியைப் பிடுங்கி, பழைய தாளின் மேலேயே வைத்துக் குத்திவிட்டுப் போனார்கள். மனநலத்துக்குச் சிரிப்புப் பயிற்சி. அதே வெள்ளிக்கிழமை, அதே மூன்று மணி.

"அண்ணே, டீச்சர் பேரை மூடிட்டாங்களே!" என்றது குண்டூசி.

"விடு தங்கச்சி. சிரிச்சு முடிச்சிட்டு வந்து அழுவாங்க," என்றது பலகை.

வெள்ளிக்கிழமை கூடமெல்லாம் ஒரே சிரிப்புச் சத்தம். இரங்கல் கூட்டத்துக்கு ஒருத்தரும் போகவில்லை. சாயங்காலம் பயிற்சிக்கான ஆசிரியர் வருகைப் பட்டியலையும் அந்த ஊசியிலேயே குத்தினார்கள். யாரையும் பார்க்காமல் எல்லாப் பெயருக்கும் டிக் போட்டிருந்தார்கள், எஸ்தர் பாக்கியத்துக்கும்.

"பார்த்தியா, அவங்களும் வந்துட்டாங்க!" என்று கேலி பண்ணியது பலகை.

மின்விசிறி நின்றிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த தாள் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. அது சிரிப்பா, அழுகையா என்று தெரியாமல் குண்டூசி அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது.