மாலை வேற, மாப்பிள்ளை வேற

"ஒரு நொண்டிப் பட்டாளத்தானுக்கா என் பொண்ணைக் கேட்டு வந்தீங்க?"

எம்.எல்.ஏ. சூசைமுத்து போட்ட சத்தம் காரைக்கால் தலத்தெருவின் மறுகோடி வரை கேட்டது.

வாசலில் தாம்பாளத்தோடு நின்ற மரியசெல்வம் தலையைக் குனிந்துகொண்டான். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் குண்டு பாய்ந்து, இடது கால் மடங்காமல் போய், பட்டாளத்திலிருந்து ஊருக்குத் திரும்பியவன். இப்போது தபாலாபீசில் வேலை. தாய் தகப்பன் இல்லாததால் பெண் கேட்க அப்துல் லத்தீபைத் துணைக்கு அழைத்து வந்திருந்தான்.

லத்தீபுக்கு முகம் செத்துவிட்டது. அவர் சூசைமுத்துவின் கட்சிக்காரர். அதைவிடப் பழைய சிநேகிதர்.

"அண்ணே, மெதுவா பேசுங்க. தேர்தல் தலைக்கு மேல நிக்குது."

"நிக்கட்டுமே!"

இதே சூசைமுத்துதான் நேற்றுப் பொதுக்கூட்டத்தில் முழங்கியவர். நாட்டுப் பாதுகாப்பு என்றால் மனிதருக்கு ஆவேசம் வந்துவிடும். காரைக்காலுக்கு எல்லை என்று இருப்பதெல்லாம் ஒரு சோதனைச் சாவடிதான். ஆனால் அவர் மைக்கைப் பிடித்தால் காஷ்மீரே கண்முன் வந்து நிற்கும். "எல்லையில காலைக் கொடுத்துட்டு வந்தானே, அவனுக்கு நாம என்னத்தைக் கொடுத்தோம்?" என்று கேட்டுவிட்டு, மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரியசெல்வத்தை மேலே கூப்பிட்டு மாலையும் போட்டார். அப்படி ஒரு கைதட்டல்.

அந்தக் கைதட்டலை நம்பித்தான் லத்தீப் இன்று பெண் கேட்க வந்தார்.

ஜெபமாலை சொல்லிவிட்டுத் தெருப் பெண்களோடு திரும்பிய இசபெல்லா, கணவரின் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளுக்கும் மரியசெல்வம் மேல் எண்ணம் இல்லை. அவள் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான். அவனோடு வேலை பார்க்கும் ஒரு காரைக்கால் பையனைத்தான் மகள் சலோமிக்கு மனதில் முடிவு செய்திருந்தாள். பிரான்சு மாப்பிள்ளை என்றால் காரைக்காலில் கேட்கவா வேண்டும்? "என் பொண்ணு பிளேன் ஏறப் போறா" என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

"என்னங்க நடக்குது இங்க?"

"நீயே கேளு இசபெல்லா. காலை இழுத்துக்கிட்டு நடக்கிறவனுக்கு உன் பொண்ணு வேணுமாம்!"

கூட வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் சலோமி தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

இசபெல்லா மரியசெல்வத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை. தாம்பாளத்தில் வாழைப்பழமும் கல்கண்டும் அப்படியே இருந்தன.

"நேத்து மேடையில அழுதீங்களே, அது எந்தக் கண்ணு?"

"அது... அது வேற."

"இந்தத் தம்பிக்கு மாலை போட்டது இந்தக் கைதானே?"

"மாலை வேற, மாப்பிள்ளை வேற. ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் இங்கதான் நிக்கிறாங்க. காறித் துப்புறாங்க!" இசபெல்லாவின் குரல் இப்போது கணவர் குரலையும் தாண்டிப் போனது. "கடைத்தெருவுல கால் தடுக்கியா விழுந்தான் அந்தப் புள்ள? நாம நிம்மதியா தூங்கணும்னு போயி வாங்கிட்டு வந்த காயம். வாசல்ல நிக்க வச்சா ஏசுறீங்க? நீங்க உள்ள வாங்க தம்பி. உக்காருங்க. லத்தீப் அண்ணே, நீங்களும் வாங்க."

"இசபெல்லா, நான் ஒத்துக்க மாட்டேன்!"

"உங்களை யாரு கேட்டா? ஏ சலோமி! இந்தத் தம்பியைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்மா!"

பதில் அத்தனை வேகமாக வந்ததில் தெருப் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இசபெல்லாவும் சிரித்துவிட்டாள். மரியசெல்வம் கையிலிருந்த தாம்பாளத்தைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன். யாரு தடுக்கிறாங்கன்னு பாக்குறேன்!"

பெண்கள் கல்கண்டை ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு, சூசைமுத்துவை ஒரு முறை முறைத்துவிட்டுக் கிளம்பினார்கள். உள்ளே காப்பி கலக்கும் சத்தமும் சலோமியின் சிரிப்பும் கேட்டன.

லத்தீப் சூசைமுத்துவைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்ன காரியம் அண்ணே பண்ணுனீங்க? நாளைக்கே எதிர்க்கட்சிக்காரன் இதை மைக் வச்சுச் சொல்லுவான். பட்டாளத்துக்காரங்க வீட்டு ஓட்டு ஒண்ணு விழாது."

சூசைமுத்து வேட்டி முனையால் நெற்றியைத் துடைத்தார். அவர் முகம் பூராவும் சிரிப்பு.

"போனா போவுது லத்தீபு. சலோமி இந்தப் பையனைத்தான் கட்டிக்குவேன்னு என்கிட்ட எப்பவோ சொல்லிட்டா. நான் சரின்னு தலையாட்டியிருந்தா, இசபெல்லா பிரான்சு மாப்பிள்ளையை விட்டிருப்பான்னு நினைக்கிறியா? ஆனா கண்ணு முன்னால ஒருத்தனை அவமானப்படுத்துனா மட்டும் அவ பொறுக்கவே மாட்டா. தங்கமான மனசு. அதை நம்பித்தான் கத்துனேன்."

"அதுக்காக அந்தப் புள்ளையோட காலைப் பத்தி அப்படியா பேசுறது? அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?"

"எனக்கு அந்த வார்த்தை வாயில வரவே இல்லப்பா. 'இன்னும் சத்தமா சொல்லுங்க மாமா, தெருவுக்கே கேக்கணும்'னு காலையிலேர்ந்து என்னைப் பழக்கிவிட்டதே மாப்பிள்ளைதான்!"