குணசுந்தரியின் முதல் பக்கம்

விஜயதசமி அன்று குணசுந்தரி நோட்டைத் திறந்து, பிள்ளையார் சுழி போட்டு, ஏ-பி என்று தொடங்கும் மூன்று ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு எழுதினாள். அபிலிட்டி என்றால் திறமை. அபண்டன்ட் என்றால் ஏராளம். அப்சென்ட் என்றால் வராதவர்.

"கொஞ்சம் ஒடுங்கி நில்லுங்கப்பா, நாளைக்கு இன்னும் அம்பது பேர் வருவாங்க" என்றது அபிலிட்டி.

"அம்பது என்ன, இசட் வரைக்கும் வருவாங்க" என்றது அபண்டன்ட்.

பிள்ளையார் சுழிக்கு இதெல்லாம் பழக்கம்.

தீபாவளி போனது, பொங்கலும் போனது. ஒருவரும் வரவில்லை. அப்சென்ட் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த விஜயதசமிக்கு நோட்டு திறந்தது. மூன்றும் நிமிர்ந்து நின்றன. குணசுந்தரி அந்தத் தாளைக் கிழித்து மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கடியில், முந்தின வருஷங்களில் இப்படியே கிழித்து வைத்த தாள்களின் மேல் செருகினாள். பிறகு புதுப் பக்கத்தில் சுழி போட்டு எழுதத் தொடங்கினாள்.

"மேல யாரை எழுதறா?" என்று அபிலிட்டி பதறியது.

"உன்னைத்தான்" என்றது அடியில் கிடந்த பழைய தாளிலிருந்து இன்னொரு அபிலிட்டி. "கொஞ்சம் ஒடுங்கிப் படு. அடுத்த வருஷம் அவனும் வருவான்."