சுற்றுவழி டிக்கெட்

மாலை வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி மேசைவரை வந்திருக்கிறது. விமான டிக்கெட் போடும் பெண் கணினித் திரையை எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் பக்கம் திருப்புகிறாள். “நேராப் போனா பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரம் சார். சுத்திப் போனா இருபத்தேழு மணி நேரம். விலை ஒண்ணுதான்.” இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் அவள் விரல் முதல் வரியிலேயே நிற்கிறது. அவர் கண்ணாடி போட்டிருக்கிறார். ஆனாலும் மடியில் இன்னொரு கண்ணாடியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். “சுத்திப் போறதே போடும்மா.” “அரை நாள் வீணாகுமே சார்?” “இங்க அண்ணன் தவறிட்டாரு. அங்க அண்ணிக்கு இன்னும் தெரியாது. நான் போய்த்தான் சொல்லணும்.” துடைத்த கண்ணாடியில் வெயில் பளிச்சிடுகிறது. அவள் பட்டியலைக் கீழே கீழே நகர்த்திக்கொண்டு போகிறாள். “முப்பத்தொரு மணி நேரத்துல ஒண்ணு இருக்கு சார்,” என்கிறாள், குரலைத் தாழ்த்தி.