மூடிய ஆஸ்பத்திரி

பொதுக் கொள்கைப் பேராசிரியர் எலுபே, முப்பது வருடமாக அரசுக்கு ஆலோசனை சொல்பவர். ஓர் அறிக்கைக்காகத் தலைநகர் லிலாங்வேயிலிருந்து அந்தக் கிராமத்தில் வந்து இறங்கியதும், தன் வீட்டு வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த விவசாயி கச்சிங்வேயின் எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் ஐயா?"

"நடந்தா நாலு மணி நேரம்மா. இங்கயே ஒண்ணு இருந்துச்சு. போன வருஷம் மூடிட்டாங்க."

"அதனால உங்க வீட்ல யாருக்காவது கஷ்டம் வந்துதா?"

"என் சம்சாரத்துக்குத்தான். பிரசவ வலியோட மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போனேன். பாதி வழியிலயே போயிட்டா. குழந்தையும் பிழைக்கல."

எலுபேயின் பேனா நின்றது.

"ஐயா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளுங்க கம்மி, மூடிடலாம்னு அறிக்கை எழுதினது நான்தான்."

கச்சிங்வே நிமிரவில்லை.

"தெரியும்மா. ஆஸ்பத்திரிக் கதவுல ஒட்டின நோட்டீஸ்ல உங்க பேர் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் ஊரே வயலுக்குக் கிளம்பிப் போயிடுச்சு."

"நீங்க மட்டும் ஏன் போகல?"

"நானும் போயிட்டா, இந்தத் தடவை ஊர்ல ஆளே இல்லைன்னு எழுதிடுவீங்களேம்மா!"