ஆறு இஞ்சுக் காற்று

"நாலு இஞ்சு பைப்பா? சார், ஸ்ட்ரா போட்டுக் குளத்தைக் குடிக்கப் பார்க்கிறீங்க!"

ஃபேன்காரன் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது.

கணவர் முகம் சுண்டிப் போனது. கடை கடையாக அலைந்து அவர் வாங்கி வந்த சுருள் பைப்பும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும் அட்டைப்பெட்டியில் அப்படியே கிடந்தன.

"சரி, எட்டு இஞ்சாப் போட்டுடலாமா தம்பி? பெருசுன்னா நல்லதுதானே?"

"நான் கொண்டு வந்திருக்கிற ஃபேனுக்கு அதுவும் சரிப்படாது சார். பைப் அகலமானா காத்து சோம்பேறியாயிடும். அக்கா அரைக்கிற தூசி பாதி வழியிலயே படுத்துத் தூங்கும். ஆறு போதும். உள்ளே வழவழன்னு இருக்கிற தகர பைப். ஒரே ஒரு வளைவு. ஒவ்வொரு வளைவும் காத்தோட கழுத்தைப் பிடிக்கிற மாதிரி."

வீட்டுக்குப் பின்புறம் இருந்த அந்த அறைதான் அவளுடைய பட்டறை. செயற்கைக் கால் செய்வது அவள் தொழில். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் பிளாஸ்டர் அச்சுகள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஒட்டி. அச்சின் மேல் துணியைச் சுற்றி, ரெசின் பிசினை ஊற்றி, இறுகியதும் அரைத்து வழவழப்பாக்கி, காலாக்கிப் பெட்டியில் வைப்பாள். அதே வேன் வந்து எடுத்துப் போகும்.

ரெசின் வாடையும் தூசியும் சேர்ந்து அவள் நெஞ்சைக் கெடுத்துவிட்டன. 'கையில் இருக்கும் அச்சுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டாள். பதிலுக்கு அவர்கள் அனுப்பி வைத்த ஆள்தான் இந்த ஃபேன்காரன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இங்க இருப்பீங்கக்கா?"

"முன்னெல்லாம் பொழுதன்னிக்கும். இப்ப கொஞ்ச நேரத்துலயே தலை சுத்துது."

"இன்னும் எத்தனை வருஷம் செய்யறதா உத்தேசம்?"

"வருஷமாவது ஒண்ணாவது!" கணவர் முந்திக்கொண்டார். "இந்த மாசத்தோட மூட்டை கட்டியாச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க சார். இன்னும் இருபது வருஷத்துக்குத் தாங்கணும்னு நினைச்சுத்தான் இந்த ஃபேனைத் தேடிப் பிடிச்சேன்."

"யாரைக் கேட்டுப்பா பிடிச்சே?"

அவன் காதில் விழாத மாதிரி ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறினான்.

ஏறினான், இறங்கினான். சுவரில் துளை போட ஏறினான். பைப்பைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினான். வெளிப்பக்கம் போய்க் கூரை விளிம்பில் நின்று ஃபேனைப் பொருத்தினான். "இந்த வாடை சட்டுனு தீப்பிடிக்கும்கா. அதான் மோட்டாரைக் காத்து போற வழியில வைக்கலை" என்று மேலிருந்து கத்தினான். மறுபடி உள்ளே வந்து, அவள் வேலை செய்யும் மேஜைக்கு நேர் மேலே தகரத்தில் புனல் போல ஒரு பெரிய வாயைத் தொங்கவிட்டான். எதிர்ச் சுவர்க் கதவின் அடியை அறுத்துச் சந்து வைக்கும்படி கணவரையும் வேலை வாங்கினான்.

"நல்ல கதவுப்பா அது!"

"உள்ளே வர வழி விட்டாத்தானே சார் காத்து வெளியே போகும்?"

முனகிக்கொண்டே அவர் ரம்பத்தை எடுத்தார்.

எல்லாம் முடிந்ததும், ரெசின் டப்பாக்களை வெளியே கொண்டு போய் வைத்துவிட்டு, ஒரு காகிதத்தை முறுக்கிக் கொளுத்தி ஊதி அணைத்தான். புகை சோம்பலாகக் கூரை நோக்கிச் சுருண்டது.

"சுவிட்சைப் போடுங்கக்கா."

போட்டாள். சத்தமே பெரிதாக இல்லை. ஆனால் சுருண்டுகொண்டிருந்த புகை சட்டென்று நிமிர்ந்தது. யாரோ நுனியைப் பிடித்து இழுப்பது போல, ஒரு நூலாக நீண்டு, தகர வாய்க்குள் போய் மறைந்தது.

"அடேயப்பா!" என்றார் கணவர்.

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. காகிதத்தை நன்றாக அணைத்துவிட்டு, பாதி முடிந்திருந்த ஒரு காலை எடுத்து அரவை இயந்திரத்தில் பிடித்தாள். வழக்கமாக முகத்தில் வந்து அப்பும் வெள்ளைத் தூசி, மேலெழுந்து, திரும்பி, வரிசையில் போவது போலப் போய்விட்டது. வெயில் விழுந்த இடத்தில் ஒரு துகள்கூட மிதக்கவில்லை.

மூக்கில் கட்டியிருந்த துணியை மெல்ல இறக்கினாள். மூச்சை இழுத்தாள். நெஞ்சின் அடிவரை போயிற்று. இருமல் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். காற்றுக்கு ருசி உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

கணவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அச்சு அனுப்பச் சொல்லிடட்டுமா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"தம்பி, நீ மனுஷனே இல்லப்பா, தெய்வம்!" கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "முதல்ல உட்காரு. காலைலேருந்து ஏணியிலயே குடியிருக்கே. கால் வலிக்கலையா?"

"வலிக்குது சார்." அவன் உட்கார்ந்து, சிரித்தபடி வலது கால் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். "இடது கால் மட்டும். இது அக்கா செஞ்சது."

தான் செய்த கால் ஒன்று நடந்து அவள் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை; அன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.