கடைசி ஆள் வரும்வரை

“கடைசி ஆள் ஓடி வந்து சேர்ற வரைக்கும் முடிவுக் கோட்டுல என் ஆர்ச் நிக்கணும்மா. அத எழுதிக் குடுத்தாதான் கையெழுத்து.”

மூலக்குளத்தில் மெத்தைக்கடை வைத்திருக்கும் ஜானகிராமன் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

மாலாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஓட்டப்பந்தயம் நடத்தும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஸ்பான்சர் பிடிப்பது அவள் வேலை. கடற்கரைச் சாலை ஓட்டத்துக்காக இந்த வருஷம் அவள் ஏறி இறங்காத கடை இல்லை. சிக்கியது இவர் ஒருத்தர்தான். இவரும் நழுவிப் போனால் ஓட்டமே கிடையாது.

“சார், டீ ஷர்ட்ல உங்க கடை பேரு. மைக்ல உங்க பேரு. மெடல் ரிப்பன்ல கூட உங்க பேரு. அது போதாதா?”

“அதெல்லாம் உன் இஷ்டம். ஆர்ச் என் இஷ்டம்.”

“சீஃப் கெஸ்ட் பரிசு குடுத்துட்டு கார் ஏறினா, கூட்டம் கலைஞ்சிடும் சார். உடனே கழட்டிடுவோம். எங்கயும் அப்படித்தான். அதுக்கப்புறம் தள்ளாடிக்கிட்டு நாலு பேர் வருவாங்க. அவங்களா உங்க பேரைப் பாக்கப் போறாங்க?”

“பாக்கட்டுமே. அவங்களும் ராத்திரி எதுலயாவது படுத்துத்தானே தூங்கணும்?”

மாலா பையிலிருந்து பேப்பரை எடுத்தாள்.

“முன்னாடியே கழட்டிட்டன்னு வை, அடுத்த வருஷம் என்னைத் தேடி வராத. சொல்லிட்டேன்.”

எழுதிக் கொடுத்தாள். படியிறங்கும்போது முணுமுணுத்தாள்: ‘குடுக்கற காசுக்குக் கடைசிச் சொட்டு வரைக்கும் விளம்பரத்தைப் பிழியறாரு. மெத்தையிலயாவது பஞ்சை ஒழுங்கா வைக்கிறாரோ என்னவோ!’

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நன்றாகவே நடந்தது. காந்தி சிலை எதிரே, ஓட்டம் முடியும் இடத்தில், ஜானகிராமனின் கடைப் பெயர் ஒட்டிய காற்றடைத்த பெரிய ஆர்ச் ஜம்மென்று நின்றது. முதலில் வந்தவர்கள் பரிசு வாங்கினார்கள், ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சீஃப் கெஸ்ட் கார் ஏறினார். இட்லிப் பொட்டலம் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது.

ஒரே ஒருத்தர் மட்டும் வந்து சேரவில்லை.

ஆர்ச்சைக் கட்டிய இராமதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “யக்கா, காத்தடிக்கிற ப்ளோயரை நிறுத்தட்டா? வில்லியனூர் மண்டபத்துல இதே ஆர்ச்சதான் வாசல்ல நிறுத்தணும். பொண்ணு மாப்ள வந்து எறங்கிடுவாங்க போல, நான் போய்ச் சேர மாட்டேன் போலக்கீது.”

“ஸ்விட்ச்ல கை வெச்ச, அடுத்த வருஷம் ஓட்டமும் இல்ல, எனக்கு வேலையும் இல்ல, உனக்கு வாடகையும் இல்ல. பேசாம இரு.”

அடுத்து போலீஸ்காரர் வந்தார். “ஏம்மா, வண்டி விடற நேரமாச்சு. நடு ரோட்டுல இன்னும் என்ன பலூன்?”

“ஒருத்தர் பாக்கி சார்.”

“ஓடி வர்றாரா, உருண்டு வர்றாரா?”

மாலாவுக்குப் பொறுமை போய்விட்டது. கடலோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்த ஜானகிராமனிடம் நேரே போனாள்.

“சார், ரோட்டுல ஒரு நாய்தான் படுத்திருக்கு. நாய் மெத்தை வாங்காது. கழட்டிடலாமா?”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தொப்பையும் கூடவே குலுங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

“எழுதிக் குடுத்தியேம்மா.”

அப்போதுதான் தூரத்தில் ஒரு உருவம் தெரிந்தது. கனத்த உடம்பு. நாற்பது வயதிருக்கும். ரோட்டில் வராமல், நடைபாதை ஓரமாக, ஏதோ காய் வாங்கப் போகிறவள் மாதிரி வந்தாள். வந்துகொண்டே மார்பில் குத்தியிருந்த நம்பர் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடும் எண்ணம் போல.

நிமிர்ந்தாள். ஆர்ச்சைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

அவசர அவசரமாக நம்பரைத் திரும்பக் குத்திக்கொண்டு, நடுரோட்டுக்கு இறங்கி ஓடி வந்தாள். நிஜமாகவே ஓட்டம்!

மாலாவின் கைகள் தாமாகத் தட்டின. இராமதாஸ் விசிலடித்தான். குறுக்கே வந்த ஆட்டோவைப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

ஆர்ச்சுக்கு அடியில் வந்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “எல்லாம் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். எனக்காகவா வெச்சிருக்கீங்க?”

“உனக்காகத்தான்க்கா. பேரு என்ன?”

“வசந்தா.”

மாலா மெடலை மாட்டிவிட்டாள். ஜானகிராமன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, “இப்பக் கழட்டுப்பா” என்று இராமதாஸிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார்.

மாலா ஓடிப்போய் மறித்தாள். “சார், அந்தக்காகூட நின்னு ஒரு போட்டோ. பின்னாடி உங்க கடை பேரு பளிச்சுன்னு விழும்.”

“வேணாம்மா.”

“இதுகூட வேணாமா? அப்புறம் எதுக்கு சார் அவ்ளோ அடம் புடிச்சீங்க?”

ஜானகிராமன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“போன வருஷம் கடைசியா வந்தவன் நான்தாம்மா. எங்க முடியுதுன்னு தெரியாம, அந்தக் கோடியில இருக்கற டூப்ளே சிலை வரைக்கும் ஓடிட்டேன்.”