சிவப்புத் தாளுக்குக் கீழே

வெந்நீர் ஊற்று விடுதியின் சமையற்கட்டுக்குப் பின்னால், காலி பீர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் பக்கத்து நடுப்பகல் வெளிச்சம் ஃபுமியேவின் மடியில் விரிந்த ஆங்கிலப் புத்தகத்தில் பட்டுக் கண் கூசுகிறது. பாத்திரம் கழுவிக் கழுவி ஊறிப்போன விரல்களால் அவள் ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளைப் பக்கத்தின் மேல் நகர்த்துகிறாள். சிவப்பில் அச்சிட்ட விடைகளெல்லாம் அதற்குக் கீழே காணாமல் போகின்றன. மறைந்ததை முணுமுணுத்துச் சொல்கிறாள். தாளைத் தூக்கிச் சரிபார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலத் தேர்வில் தேறினால் வரவேற்பு மேசையில் வேலை. 'இப்படி நடந்திருந்தால்' என்ற வகை வாக்கியங்களுக்கான பாடத்தின் கடைசியில் சொந்தமாக ஒரு வாக்கியம் கேட்டிருக்கிறார்கள். நீலப் பேனாவால் எழுதி, பக்கத்துப் பெட்டியில் இருக்கும், போன வருஷமே தேறிவிட்ட கசுயோவிடம் நீட்டுகிறாள். கசுயோ சோற்றுருண்டையை மென்றபடி உரக்கப் படிக்கிறாள்: நான் போனை எடுத்திருந்தால், அண்ணன் என்னைத் திட்டியிருப்பான்.

"தப்பே இல்ல, முழு மார்க்கு! ஆனா திட்டு வாங்கலையேன்னு யாராவது வருத்தப்படுவாங்களாடி?" என்று சிரிக்கிறாள்.

பாத்திரக் குவியலுக்கு நடுவே ஒருநாள் அண்ணன் கூப்பிட்டு போன் அதிர்ந்ததும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டதும், மறுநாளே அண்ணன் இறந்துபோனதும் கசுயோவுக்குத் தெரியாது.

"பயிற்சிக்குத்தானேக்கா, என்னமோ தோணிச்சு" என்கிறாள் ஃபுமியே.

பிறகு சிவப்புத் தாளை அந்த வரியின் மேலும் மெல்ல இழுக்கிறாள். அச்சடித்த விடைகள் மறைகின்றன. நீல மை மட்டும் கறுத்து, முன்னைவிடத் தெளிவாக நிற்கிறது.